அந்த பஸ்ஸில் நம்ம சீட் எது?

2020 ஜூன் மாதம் ஃபேஸ்புக்கில் ஒரு கறுப்புக் கட்டம் போட்டேன். மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முட்டியை வைத்து அழுத்திக் கொன்று ஒரு வாரம் ஆகியிருந்தது. உலகமே கறுப்புக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தது, நானும் போட்டேன். கூடவே மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ், மான்ட்கோமரி பஸ் என்று பத்து வரி. ஊரடங்குக் காலம். வீட்டில் சும்மா இருந்த எல்லாரும் லைக் போட்டார்கள். ஒரே ஒருவன் மட்டும் சிரிப்புக் குறி போட்டிருந்தான்.

பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது சங்ககிரியில் ஒரு லாரிப் பட்டறையில் எலக்ட்ரீசியன். போன் பண்ணி, "எதுக்குடா சிரிச்ச?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லடா" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த பஸ்ஸுல நீயும் வந்து எங்க பக்கத்துல உக்காந்துட்டயே, அதப் பாத்துத்தான் சிரிப்பு வந்துருச்சு" என்றான்.

அவன் அருந்ததியர். நான் கவுண்டர் வீட்டுப் பையன். இந்த இரண்டு வாக்கியத்தையும் எழுதாமல் தப்பித்துவிடலாமா என்று இரண்டு தடவை இந்தக் கட்டுரையைத் தொடங்கிப் பார்த்தேன். முடியவில்லை.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. நான் என்ன சாதி பார்க்கிறவனா? பெரியார் படித்தவன், அம்பேத்கர் படித்தவன், பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தவன். பெரிய தியாகம்! ஆனால் அவன் சொன்ன பஸ் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சரி, அதில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று ஒழுங்காகப் பார்த்துவிடலாம் என்று மறுபடியும் படித்தேன்.

1955 டிசம்பர் 1, மாலை நேரம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ரோசா பார்க்ஸ் பஸ்ஸின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளையருக்குத் தேவைப்படாதவரை கறுப்பர் உட்காரலாம் என்று விட்டுவைத்திருந்த வரிசை அது. முன்பக்கம் நிறைந்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். ஒருத்தர்தான் நிற்கிறார், ஆனால் எழ வேண்டியது நாலு பேர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வரிசையில் உட்காரக் கூடாது என்பதுதான் சட்டம். டிரைவர் எழச் சொல்கிறார். மூன்று பேர் எழுந்துவிட்டார்கள், பார்க்ஸ் எழவில்லை. மீதிக் கதை உங்களுக்கே தெரியும். 381 நாள் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் பஸ் ஏறாமல் நடந்தார்கள்.

நின்றுகொண்டிருந்த அந்த வெள்ளைக்காரரை நாம் என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? அவர் பேர் வரலாற்றில் பதிவாகவே இல்லை. எழச் சொன்னது டிரைவர், கைது பண்ணியது போலீஸ், அபராதம் போட்டது கோர்ட். அவர் நின்றார், அவ்வளவுதான். அவருக்கு வேண்டியதை அவர் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை, ஊரே கேட்டு வாங்கிக் கொடுத்துவிடும். நல்ல மனிதராகக்கூட இருந்திருக்கலாம். வீட்டில் குழந்தைகளோடு விளையாடுகிறவராக, யாரையும் கடிந்து பேசாதவராக.

அந்த ஆள்தான் எங்கள் வீடு. சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு, குமாரபாளையம், ராசிபுரம் வரைக்கும் இந்தப் பக்கத்தில் நிலமும் லாரியும் தறிக்கூடமும் வைத்திருக்கிற, இந்த மாதிரிப் பத்திரிகைகளைப் படிக்கிற என் போன்ற பல பேருடைய வீடும் அதுதான். நாமோ அமெரிக்கக் கதையைப் படிக்கும்போது மட்டும் தாவிப்போய் ரோசா பார்க்ஸ் மடியில் உட்கார்ந்துகொள்கிறோம். தப்பான சீட் அது. அங்கே உட்கார்ந்து படித்தால் நமக்குக் கண்ணீர் வரும், நம்மைப் பற்றி ஒன்றும் தெரிய வராது.

1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, தீண்டப்படாதோர் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பர் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. 1972இல் பம்பாயில் 'தலித் பாந்தர்ஸ்' என்று தங்களுக்குப் பேர் வைத்துக்கொண்ட இளைஞர்களுக்கும் இருந்தது. கிங் 1959இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலித் பிள்ளைகள் படித்த பள்ளி. தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிரதமர் வீட்டில் விருந்து சாப்பிட்டவரை இப்படிச் சொன்னால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். அப்புறம் யோசித்து, ஆமாம், நான் தீண்டப்படாதவன்தான் என்று ஒத்துக்கொண்டார். பல வருஷம் கழித்து, 1965இல் தன் சர்ச்சில் பேசும்போது அவரே இதைச் சொல்லியிருக்கிறார். நம்ம ஊர்க் கதையில் தனக்கு எந்த இடம் என்று அவர் நேர்மையாகக் கண்டுபிடித்துக்கொண்டார். அவர் ஊர்க் கதையில் நமக்கு எந்த இடம் என்று நாம்தான் இன்னும் பார்க்கவில்லை.

பஸ் சம்பவத்துக்கு மூன்று மாதம் முன்னால் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எம்மெட் டில் என்று ஒரு பையன், சிகாகோக்காரன், 14 வயது. கோடை விடுமுறைக்கு மிசிசிப்பி மாநிலத்தில் மணி என்ற சின்ன ஊருக்கு, சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிறான். பருத்திக் காட்டு ஊர். 1955 ஆகஸ்ட் 24 அன்று அங்கே ஒரு மளிகைக் கடைக்குப் போகிறான். கடையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் ஏதோ வம்பாக நடந்துகொண்டான் என்று பேச்சு கிளம்புகிறது. நாலு நாள் கழித்து, 28ஆம் தேதி அதிகாலை, அந்தப் பெண்ணின் புருஷனும் அவன் அண்ணனும் வந்து பையனைத் தூக்கிப் போகிறார்கள். 31ஆம் தேதி டல்லாஹாட்சி ஆற்றில் பிணம் கிடைக்கிறது. கழுத்தில் முள்கம்பியால் கட்டிய இரும்பு விசிறி. பருத்தி அரவை மில்லில் இருக்குமே, அந்த விசிறி. பையனின் அம்மா மேமி டில், சவப்பெட்டியை மூடக் கூடாது என்றுவிட்டார். என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று எல்லாரும் பார்க்கட்டும் என்றார். 'ஜெட்' பத்திரிகை படத்தைப் போட்டது. செப்டம்பரில் வழக்கு. பன்னிரண்டு ஜூரிகளும் வெள்ளைக்கார ஆண்கள். 67 நிமிஷத்தில் விடுதலை. அடுத்த ஜனவரியில் 'லுக்' பத்திரிகை காசு கொடுக்க, கொன்றவர்கள் இரண்டு பேரும், ஆமாம் நாங்கள்தான் கொன்றோம் என்று சாவகாசமாகச் சொன்னார்கள். ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது.

இதைப் படித்தபோது எனக்கு மிசிசிப்பி கண்ணுக்குத் தெரியவில்லை. திருச்செங்கோட்டு மலைதான் தெரிந்தது.

2015 ஜூன் 23. ஓமலூர்க்காரர் கோகுல்ராஜ், பொறியியல் படிப்பை முடித்தவர், தலித். கூடப் படித்த தோழியோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். தோழி கவுண்டர் வீட்டுப் பெண். ஒரு கும்பல் வந்து அவரைக் கூட்டிப்போனது. மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் பாதையில் உடல் கிடந்தது, தலை தனியாக. தற்கொலை என்று நம்பவைக்க மிரட்டி எழுதி வாங்கிய கடிதமும் எடுத்த வீடியோவும் இருந்தன. இந்தக் கொலையில் முதல் குற்றவாளியாகத் தண்டனை பெற்ற யுவராஜ் எங்கள் சங்ககிரிக்காரர். தீரன் சின்னமலை பேரில் ஒரு சாதி அமைப்பு நடத்திக்கொண்டிருந்தவர்.

எனக்குப் பழக்கமான ஊர், பழக்கமான பேச்சுவழக்கு. மூன்று மாதத்துக்கு மேல் தலைமறைவாக இருந்துகொண்டே அவர் வாட்ஸப்பில் ஆடியோ விட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆடியோக்கள் எங்கள் சொந்தக்காரர் குரூப்பிலும் வந்தன. மாமா ஒருத்தர், "பையன் தைரியமாப் பேசறானப்பா" என்று எழுதினார். இன்னொருத்தர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான்? நான் அந்தக் குரூப்பை மியூட்டில் போட்டேன். பக்கத்து வீடு எரியும்போது எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திக்கொள்வதற்கு நவீன காலத்தில் அதுதான் பேர்.

வெளிப்படையாகக் கொலையை யாரும் ஆதரிக்கவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் பேசிய ஒவ்வொருத்தரும், "கொன்னது தப்புத்தானுங்க, ஆனா..." என்றுதான் ஆரம்பித்தார்கள். அந்த 'ஆனா'வுக்கு அப்புறம்தான் விஷயமே இருந்தது. பொண்ணைப் பெத்தவனுக்குத்தான் வலி தெரியும். இவனுங்களுக்குக் காசு கொடுத்து அனுப்பறாங்களாமா. படிக்க அனுப்புனா இப்படித்தான். டில் கொலையிலும் முதல் சில நாள் மிசிசிப்பி வெள்ளைக்காரர்கள் பலர் உண்மையாகவே முகம் சுளித்தார்கள், அந்த இரண்டு பேரைத் தங்கள் ஆட்களாகச் சொல்லிக்கொள்ளவே கூச்சப்பட்டார்கள். வடக்கத்திப் பத்திரிகைகள் மிசிசிப்பியைத் திட்ட ஆரம்பித்ததும் மனசு மாறிவிட்டது. நம்ம ஊரை எப்படிச் சொல்லலாம்? கடைகளில் உண்டியல் வைத்து வழக்குச் செலவுக்குப் பணம் சேர்த்தார்கள். அந்த ஊரில் இருந்த ஐந்து வக்கீல்களும் கொலைகாரர் பக்கம் நின்றார்கள். கூச்சப்பட்டவர்களும் காசு போட்டவர்களும் ஒரே ஆட்கள்தான். அதே 2015 தொடக்கத்தில் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்ததையும், நாமக்கல்லில் எழுத்தாளரை உட்காரவைத்து எழுதி வாங்கியதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரை எப்படிச் சொல்லலாம்!

இந்த வழக்கில் நியாயம் கிடைத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் புரட்டுக்காரன். கோகுல்ராஜின் அம்மா கேட்டு வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்குப் போனது. 2022 மார்ச் 8 அன்று யுவராஜ் உட்படப் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இரண்டு பேர் நேரிலேயே வந்து கோயிலையும் ரயில் பாதையையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜூனில் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தார்கள். அந்த விதத்தில் 1955இன் மிசிசிப்பியை விட நம் நீதிமன்றம் எவ்வளவோ மேல். இன்னொரு பொருத்தம்: மதுரைத் தீர்ப்பு வந்த அதே 2022 மார்ச்சில், 29ஆம் தேதி, அமெரிக்காவில் கும்பல் கொலைக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டம் கையெழுத்தானது. அதற்கு எம்மெட் டில் பேர்தான் வைத்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் முயன்று முயன்று தோற்ற சட்டம்.

ஆனால் இங்கே ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். கோயிலில் கூட இருந்த தோழி நீதிமன்றத்தில் பிறழ் சாட்சியானார். கேமராப் பதிவில் இருப்பது நானே இல்லை என்றார். அவரைத் திட்டுவது ரொம்ப சுலபம், இணையத்தில் நிறையப் பேர் திட்டினார்கள். நான் திட்ட மாட்டேன். உண்மையைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் அன்று ராத்திரி எந்த வீட்டுக்குப் போவார்? டில் வழக்கில் மோசஸ் ரைட் என்கிற பெரியவர், பையனுக்குத் தாத்தா முறை, கோர்ட்டில் எழுந்து நின்று, என் வீட்டுக்கு வந்து தூக்கிப்போனது இவன்தான் என்று வெள்ளைக்காரனை விரல் நீட்டிக் காட்டினார். மிசிசிப்பியில் ஒரு கறுப்பர் அப்படிக் காட்டுவதற்கு உயிரையே பணயம் வைக்க வேண்டும். வழக்கு முடிந்ததும், காட்டில் பறிக்காத பருத்தி இருக்க, ஊரை விட்டே கிளம்பிவிட்டார். அவருக்குப் போக ஒரு சிகாகோ இருந்தது. வில்லி ரீட் என்ற 18 வயதுப் பையனும் சாட்சி சொல்லிவிட்டுச் சிகாகோவுக்கு ரயிலேறினான். நம் பெண்களுக்குச் சிகாகோ எது? சென்னையா, பெங்களூரா? அங்கேயும் மாமாவும் சித்தப்பாவும் இருக்கிறார்கள், லாரி போகிற ஊரெல்லாம் நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பெருமைப்படுகிறோமே!

இவ்வளவையும் மீறிச் சாட்சி சொன்ன ஒரு பெண் இருக்கிறார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கூடவே வெட்டுப்பட்டுப் பிழைத்த கௌசல்யா சொந்த அப்பா அம்மாவுக்கு எதிராகக் கூண்டில் ஏறினார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் அப்பா உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அப்பா மேல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது, மற்ற ஐந்து பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. அந்தத் தீர்ப்பின் தேதி 2020 ஜூன் 22. நான் மினியாபொலிஸுக்காகக் கறுப்புக் கட்டம் போட்ட அதே மாதம். என் பக்கத்தில் பின்னால் போய்த் தேடிப் பார்த்தேன். ஜூன் 22ஐ ஒட்டி ஒரு மாம்பழப் படம் இருக்கிறது. சேலத்து மல்கோவா.

சரி, கொலையை விடுங்கள், கொலை எப்போதாவது நடப்பது. தினமும் நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். கொங்குத் தமிழின் 'ங்க' பற்றி நமக்கு எவ்வளவு பெருமை! ஏனுங்க, வாங்க, சொல்லுங்க. மரியாதை தெரிஞ்ச மக்கள் என்று ரீல்ஸ் போடுகிறோம். சினிமாக்காரர்களும் அப்படியே காட்டுகிறார்கள். எட்டு வயதில் நான் எங்கள் காட்டில் பண்ணையம் பார்த்த அறுபது வயது ஆளைப் பேர் சொல்லி "வாடா, போடா" என்று கூப்பிட்டிருக்கிறேன். யாரும் என்னைக் கண்டித்ததில்லை. அவர் என்னை, "சின்னக் கவுண்டருங்க" என்பார். 'ங்க' எல்லாம் கீழிருந்து மேலே வந்ததுதான், மேலிருந்து கீழே போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. எங்கள் சாளையில் எரவாணத்தில் ஒரு அலுமினிய டம்ளர் சொருகியிருக்கும். ஆத்தா உயரத்திலிருந்து காப்பி ஊற்றுவாள். குடித்துவிட்டு அவரே கழுவி அங்கேயே சொருகிவிட்டுப் போவார். ஆத்தா ரொம்ப இளகிய மனசுக்காரி, தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் பலகாரம் தனியாக எடுத்துவைத்துக் கொடுப்பாள். கொடுப்பதும் உயரத்திலிருந்துதான்.

1963இல் அலபாமாவில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண்ணைக் கோர்ட்டில் விசாரித்தார்கள். அரசு வக்கீல் அவரை "மேரி" என்று கூப்பிட்டார். வெள்ளைக்காரப் பெண்களை மட்டும் "மிஸ்" போட்டுக் கூப்பிடுவது அங்கே வழக்கம். மிஸ் ஹாமில்டன் என்று கூப்பிட்டால்தான் பதில் சொல்வேன் என்றார் அவர். கோர்ட் அவமதிப்பு என்று சிறையும் அபராதமும் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1964 மார்ச்சில் அவமதிப்புத் தீர்ப்பு ரத்தானது. ஒரு 'ங்க'வுக்காக ஒரு பெண் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறார். வாக்குரிமைச் சட்டம், சிவில் உரிமைச் சட்டம் எல்லாம் பெரிய விஷயங்கள். எனக்கு அந்த ஊரை நெருக்கமாகக் காட்டியது என்னவோ இந்த வழக்குத்தான். நம் பக்கத்து டம்ளர் சமாசாரமும் உச்ச நீதிமன்றத்தை எட்டியிருக்கிறது. 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில், தமிழ்நாட்டு டீக்கடைகளின் இரட்டைக் குவளையையும் ஆணவக் கொலையையும் நீதிபதிகள் ஒரே தீர்ப்பில் சேர்த்துக் கண்டித்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததுதான் அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது. எரவாணத்து டம்ளரையும் ரயில் பாதையையும் வேறு வேறு கதையாகச் சொல்ல நாம் பழகியிருக்கிறோம்.

இப்போது சங்கங்களுக்கு வருகிறேன், அடி விழும் என்று தெரிந்தேதான். 1954 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று சொன்னது. இரண்டே மாதத்தில் மிசிசிப்பியின் இண்டியனோலாவில் வெள்ளைக் குடிமக்கள் கவுன்சில் பிறந்தது. அதில் முகமூடி கிடையாது, எரியும் சிலுவை கிடையாது. பேங்க் மேனேஜர், வக்கீல், கடைக்காரர், பெரிய விவசாயி, எல்லாரும் மதிக்கிற ஆட்கள். நாங்கள் வன்முறைக்கு எதிரானவர்கள் என்று மேடையிலேயே சொல்வார்கள். யாசூ சிட்டி என்ற ஊரில் 53 கறுப்பர்கள் எங்கள் பிள்ளைகளையும் அந்தப் பள்ளியில் சேருங்கள் என்று மனுக் கொடுத்தார்கள். கவுன்சில் அவர்கள் அத்தனை பேர் பெயரையும் பேப்பரில் விளம்பரமாகப் போட்டது. வேறு ஒன்றும் செய்யவில்லை. வேலை போனது, கடன் நின்றது, கடையில் சாமான் கொடுக்க மாட்டேன் என்றார்கள். மனுவிலிருந்து ஒவ்வொருவராகப் பேரை எடுத்துக்கொண்டார்கள்.

நம் சாதிச் சங்கங்களும் மரியாதைப்பட்டவைதான். கல்யாண மண்டபம், ஜாதகப் பரிமாற்றம், பத்தாவதில் முதல் மார்க் வாங்கினால் பரிசு. அதில் பாதிப் பேர் எனக்கு மாமா, சித்தப்பா. நானே ஒரு பரிசுக் கேடயம் வாங்கியிருக்கிறேன், வீட்டில் டிவி மேல் இருக்கிறது. ஆனால் அதே மேடையில் 'நம்ம பொண்ணுகளைக் காப்பாத்தணும்' என்று ஒருத்தர் பேசும்போது கை தட்டுகிறோமே, அந்தக் கைதட்டல் போய்ச் சேருகிற இடம் எது? கத்தி எடுப்பவன் ஆயிரத்தில் ஒருத்தன். அவனுக்கு ஊர் தன் பின்னால் நிற்கிறது என்ற தைரியத்தைக் கொடுத்தவர்கள் மிச்சம் 999 பேர். நான் பரிசு வாங்கிய அன்றைக்கும் கை தட்டினேன்.

உடனே பதில் வரும், எனக்கே மனப்பாடம். முதல் பதில்: நாமும் பிற்படுத்தப்பட்டவங்கதானே? உண்மை. கொங்கு வேளாளர் 1975இல் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்ந்தார்கள். என் அப்பாரு பள்ளிக்கூடம் போனதில்லை. மேட்டாங்காட்டில் கிணறு வெட்டி, கடலை போட்டு, காடு காய்ந்தபோது லாரிக்குக் கிளீனராகப் போனவர். எங்கள் ஆட்களின் உழைப்பில் பொய் இல்லை. டில்லைக் கொன்ற இரண்டு பேரும் பணக்காரர்கள் இல்லை, கறுப்பினக் கூலிகளிடம் மளிகை விற்றுப் பிழைத்தவர்கள். ஏழை வெள்ளைக்காரன் ஏழைதான். அவன் பட்ட கஷ்டம் எதுவும் மோசஸ் ரைட்டுக்கு ஒரு வேளை சோறு போடவில்லை. விடுதலையான பிறகு அந்தக் கடைக்குக் கறுப்பர்கள் போவதை நிறுத்திவிட்டார்கள், கடை மூடிப்போனது. யாருடைய காசில் அவர்கள் பிழைத்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்திருக்கும்.

இரண்டாவது பதில்: இனம் வேறு, சாதி வேறு, அமெரிக்காவை இங்கே ஒட்டாதே. இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கறுப்புக் கட்டம் போட்டபோது ஒட்டியவர்கள்தான். வித்தியாசம் நிறைய இருக்கிறது, நான் மறுக்கவில்லை. தோலைப் பார்த்து அங்கே தெரியும். இங்கே தெரு பேரைக் கேட்பார்கள், 'நீங்க எந்தப் பக்கமுங்க?' என்று அதற்கும் 'ங்க' போட்டே.

மூன்றாவது பதிலுக்குத்தான் எனக்குக் கோபம் வரும்: சின்னமலையை ஏன் இழுக்கறே? நான் இழுக்கவில்லை சாமி, இழுத்தது வேற ஆட்கள். சங்ககிரிக் கோட்டையில் 1805இல் வெள்ளைக்காரனால் தூக்கிலிடப்பட்டவர் அவர். சின்ன வயதில் மலை ஏறி அந்த இடத்தைப் பார்த்துவிட்டு மேல்மூச்சு வாங்க நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. திப்புவோடு சேர்ந்து நின்றவர். அவர் படையில் இருந்தவராகச் சொல்லப்படும் பொல்லானை அருந்ததியர்கள் தங்கள் முன்னோராகக் கொண்டாடுகிறார்கள். அப்படிப்பட்டவரின் பேரை ஒரு பையனைக் கோயிலிலிருந்து தூக்கிப்போன காருக்கு நம்பர் பிளேட்டாக மாட்டினார்கள். அதற்காக என்னைப் போல இந்த ஊரில் பிறந்தவன்தான் முதலில் வெட்கப்பட்டிருக்க வேண்டும். 1956இல் ஜார்ஜியா மாநிலம், பள்ளித் தீர்ப்பு வந்து இரண்டு வருஷத்தில், தன் கொடியில் பழைய அடிமைப் போர்க் காலத்து அடையாளத்தைச் சேர்த்துக்கொண்டது. முன்னோர் நினைவு என்றுதான் அங்கேயும் சொன்னார்கள்.

ஒரு விஷயத்தில் நாம் அமெரிக்காவோடு தோள் உரசி நின்றோம். 1967 ஜூன் 12 அன்று 'லவிங்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பரும் வெள்ளையரும் கல்யாணம் செய்வதைத் தடுக்கும் சட்டங்களை ரத்து செய்தது. அதே 1967இல் அண்ணா ஆட்சி, சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்ல வைத்தது. அய்யர் வேண்டாம், மந்திரம் வேண்டாம், சாதியும் ஒரு தடையில்லை. உலகத்தில் எந்த மூலையில் இருக்கிற ஆளிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்லியுமிருக்கிறேன். ஐம்பது வருஷம் கழித்தும் அந்தச் சட்டப்படி மாலை மாற்றிக்கொண்ட ஜோடி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பாதுகாப்புக் கேட்டு நிற்கிறது. கல்யாணத்துக்குச் சட்டம் இருக்கிறது, கல்யாணத்தைக் கொல்கிறவர்களுக்கென்று தனிச் சட்டம் இல்லை. சட்ட ஆணையம் 2012இலேயே சொல்லிவிட்டது, உச்ச நீதிமன்றம் 2018இல் சக்தி வாகினி வழக்கில் வழிமுறை கொடுத்தது. தமிழ்நாட்டில் 2025 அக்டோபரில்தான், நெல்லையில் கவின் கொலைக்கு அப்புறம், சட்டத்துக்குப் பரிந்துரை தர நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அறிவித்தார்கள். அந்தச் சட்டத்தைக் கேட்டுத் தெருவில் நின்ற கொடிகளில் எங்கள் சங்கங்களின் கொடியை நான் பார்க்கவில்லை.

அப்புறம் நமக்கு எந்த சீட்தான் உண்டு? ஒன்று இருக்கிறது, சொகுசாக இருக்காது. ரோசா பார்க்ஸ் கைதான ராத்திரி அவரை ஜாமீனில் எடுக்கப் போன மூன்று பேரில் இருவர் வெள்ளைக்காரர்கள்: கிளிஃபர்ட் டர் என்ற வக்கீலும் அவர் மனைவி வர்ஜீனியா டரும். பழைய அலபாமாக் குடும்பங்கள், சொந்தபந்தம் பெருத்த ஆட்கள். வர்ஜீனியாவுக்கு பார்க்ஸ் துணி தைத்துக் கொடுப்பவர், அதாவது அவர்களுக்குள்ளும் கொடுப்பவர், வாங்குபவர் என்ற உறவுதான். அந்த ராத்திரிக்கு அப்புறம் கிளிஃபர்டிடம் வெள்ளைக்காரக் கட்சிக்காரர்கள் வருவது குறைந்தது. சொந்தக்காரர்கள் முகம் கொடுக்கவில்லை. அவர்கள் ஊரை விட்டுப் போகவும் இல்லை. யாரும் அவர்கள் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பதில்லை, கறுப்புக் கட்டத்துக்கு வந்த லைக்கெல்லாம் அதற்கு வராது. கல்யாண வீட்டில் ஒரு பந்தியே நம்மைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தும்.

போன மாதம் நான் அந்த வாட்ஸப் குரூப்பில், பத்து வருஷத்துக்கு மேல் மியூட்டில் கிடந்த அதே குரூப்பில், முதல் தடவையாக எழுதினேன். நாலே வரி. கோகுல்ராஜ் கொலையை அப்போது நாம் பேசிய விதம் தப்பு, நான் பேசாமல் இருந்ததும் தப்பு, ஆணவக் கொலைக்கு எதிரான சட்டத்தை நம் சங்கம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும் என்று. ரெண்டு மணி நேரம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் அத்தை ஒருத்தி குட்மார்னிங் படம் போட்டாள், சாயங்காலம் ஆறு மணிக்கு. ராத்திரி அப்பா கூப்பிட்டு, "ஏப்பா, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கற நேரத்துல இது தேவையா?" என்றார். அப்பாவிடம் எனக்கு இன்னும் பதில் இல்லை.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் என் நண்பனுக்குப் படிக்கக் கொடுத்தேன். பட்டறைக்கு எதிரே இருக்கிற கடையில் டீ குடித்துக்கொண்டே போனில் முழுதும் படித்தான். மேரி ஹாமில்டன் கதையை மட்டும் இரண்டு தடவை படித்தான். "நல்லாத்தான் இருக்குது" என்றான். அப்புறம் அவன் பேரையும், அவன் தெருவின் பேரையும் எடுத்துவிடச் சொன்னான்.

"நீ எழுதிப்போட்டுட்டுப் போயிருவ. நானு நாளைக்கும் இங்கதான்டா டீ குடிக்கோணும்."

இரண்டையும் எடுத்துவிட்டேன்.